கார் ஏசி வாடை: ஒரு சிறு வரலாறு

கார் ஏசியைப் போட்டதும் முதலில் வரும் காற்றில் மக்கிய வாடை அடிப்பதும், சற்று நேரத்தில் அது அடங்கிவிடுவதும் கார் வைத்திருப்போர் பலருக்கும் பழகிப்போன விஷயம். கார் ஏசி சந்தைக்கு வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வாடைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். இத்தனை காலத்தில் அதை வாசனை போட்டு மறைத்துப் பார்த்தார்கள், மருந்தடித்துக் கொன்று பார்த்தார்கள். ஈரம் காயாமல் நிற்பதுதான் மூலகாரணம் என்பது தெளிவான பிறகும், அதைக் காயவைக்கும் ஏற்பாட்டைத் தொழிற்சாலையிலேயே செய்துதர உற்பத்தியாளர்கள் நெடுநாள் எடுத்துக்கொண்டார்கள்.

வாடை பிறக்கும் இடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அதற்குள் ஓடும் கேஸ் ஆவியாகும்போது காயிலின் மேற்பரப்பு உறைநிலைக்குச் சற்று மேலே வரை குளிர்ந்துவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். சென்னையில் 35 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறக்குறைய 7 கிராமைத்தான் தாங்கும். மிச்சம் 17 கிராமும் காயிலில் நீராக இறங்கியாக வேண்டும். ஏசி ஓடும் காரின் அடியில் சொட்டும் தண்ணீர் இதுதான். சொட்டியது போக மீதி, தகடுகளுக்கு நடுவே தங்கிவிடுகிறது. தூசி, மகரந்தம், சிகரெட் புகை, பயணிகளின் தோல் உதிர்வு, துணிப் பஞ்சு எல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இருட்டும் ஈரமும் இரையும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் வேறென்ன வேண்டும்? அவை படலமாகப் படர்ந்து வெளியிடும் ஆவிகளைத்தான் மூக்கு உணர்கிறது.

குளிர்பதனத்தின் தொடக்க காலத்தில் இருந்த நாற்றம் வேறு வகை. 1920களின் குளிர்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை ஓடின. முதல் இரண்டும் கசிந்தால் நெடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியே ஓட வேண்டும். மூன்றாவது அவ்வளவாக நெடி காட்டாமலே ஆளைக் கொல்லக்கூடியது. நான்கைந்து பேர் அடைத்து உட்காரும் காருக்குள் இவற்றைக் கொண்டுபோவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் குளிர்பெட்டிப் பிரிவான ஃப்ரிஜிடேருக்காகத் தாமஸ் மிட்க்லி குழுவினர் உருவாக்கிய ஆர்-12 வாயுதான் வழியைத் திறந்துவிட்டது. 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் மிட்க்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்த செயல் அது. ஏறக்குறைய மணமற்ற அந்த வாயு வந்த பிறகுதான் காருக்குள் குளிர்பதனம் என்ற பேச்சே எழுந்தது. அதே வாயு வான்மண்டல ஓசோனை அரிக்கும் என்பது தெரியவர இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

மூடிய கார்கள் வருவதற்கு முன்பு காரில் வாடை ஒரு பிரச்சினையே அல்ல. தொடக்க காலக் கார்களில் பெரும்பாலானவை திறந்த கார்கள். தூசியும் வெயிலும் உண்டு, அடைபட்ட காற்று இல்லை. 1922-ல் ஹட்சன் நிறுவனம் எஸ்ஸெக்ஸ் காரில் மூடிய கூண்டை மலிவாகத் தந்த பிறகு, அந்தப் பத்தாண்டுக்குள் மூடிய கார்கள் அமெரிக்கச் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. மூடிய கார் வெயிலில் கொதித்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலப் பகுதிகளில் ஜன்னலில் மாட்டும் உருளை வடிவக் குளிர்விப்பான் ஒன்று 1930களிலிருந்து 1950கள் வரை புழங்கியது. உள்ளே தண்ணீர் ஊற்ற வேண்டும். கார் ஓடும் வேகத்தில் புகும் காற்று, நனைந்த மரச்சீவல் திண்டு வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். வறண்ட ஊரில் நன்றாக வேலை செய்யும். ஆனால் நாள்பட நனைந்தே கிடக்கும் மரச்சீவல் மக்காமல் இருக்குமா? கார் குளிர்விப்பில் பூஞ்சை வாடையின் முதல் அத்தியாயம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் அதே தத்துவத்தில் கோடையில் வாசலில் கட்டி நனைத்த வெட்டிவேர்த் தட்டிக்கு அந்தக் குறை இல்லை. வேரின் சொந்த மணமே காற்றோடு வந்தது.

கார் நிறுவனமே ஏசியோடு விற்ற முதல் கார் பேக்கார்டு. 1939-ன் இறுதியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1940-ம் ஆண்டு மாடல்களில் விற்பனைக்கு வந்தது. கருவியைச் செய்துதந்தது கிளீவ்லண்டைச் சேர்ந்த பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம். கூடுதல் விலை 274 டாலர். கூலிங் காயிலும் ப்ளோயரும் பின்சீட்டுக்குப் பின்னால் டிக்கியின் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. கேஸை அழுத்தும் கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. இஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். குளிர்காலத்தில் ஏசி வேண்டாமென்றால் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். வாடையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய குறை, வெளிக்காற்று எடுக்கும் வழியே அதில் இல்லாதது. காருக்குள் இருந்த காற்றே காயில் வழியாகச் சுற்றிச்சுற்றி வந்தது. காருக்குள் சிகரெட் பிடிப்பது இயல்பாக இருந்த காலம் அது. புகையின் பிசுக்கு ஈரமான காயிலில் படிந்து, அடுத்த பயணத்தில் பழைய புகையாகத் திரும்பி வந்தது. விற்பனையும் சூடுபிடிக்கவில்லை. 1941-ம் ஆண்டோடு பேக்கார்டு இதைக் கைவிட்டது. பிறகு போர்க்காலத்தில் கார் உற்பத்தியே நின்றுபோனது.

1953-ல் கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ், பேக்கார்டு ஆகிய நிறுவனங்கள் மறுபடியும் களமிறங்கின. அவற்றின் ஏசிகளும் டிக்கியில்தான் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பின்கண்ணாடியின் ஓரமாகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய்கள் ஏறிக் கூரைக்குக் குளிர்காற்றைக் கொண்டுபோயின. கிரைஸ்லர் இம்பீரியலில் வந்த ஏர்டெம்ப் மட்டும் ஒரு படி முன்னே நின்றது. போட்டியாளர்களைவிட அதிகமாக வெளிக்காற்றை அது உள்ளே இழுத்தது. மற்ற ஏசிகளில் இருந்த புழுக்க வாடை இதில் இல்லை என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. அதாவது 1953-லேயே வாடை, வாங்குபவர் கேட்டுப் பார்க்கும் ஒரு குணமாகிவிட்டது.

அடுத்த ஆண்டு வந்த நாஷ் அம்பாசடர்தான் இன்றைய ஏசியின் அமைப்பைத் தீர்மானித்தது. இது அமெரிக்கக் கார். நம்மூர் அம்பாசடரோடு பெயர் மட்டுமே ஒற்றுமை. குளிர்பெட்டி செய்யும் கெல்வினேட்டரோடு இணைந்திருந்த நாஷ் நிறுவனத்துக்கு இரண்டு தொழிலும் கைவந்தவை. 1938-லேயே வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஹீட்டரை அது விற்றிருந்தது. அந்த ஹீட்டரோடு கூலிங் காயிலையும் சேர்த்து, எல்லாவற்றையும் பானெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டிலுமாக அடக்கியது. விலை 345 டாலர். டிக்கி மிச்சமானது, விலை குறைந்தது, எல்லா நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. 1969-ல் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் ஏசி இருந்தது.

பிற்கால வாடைகளில் பல இந்த இடமாற்றத்தில்தான் வேர்விட்டிருக்கின்றன என்று சொல்லலாம். முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாகத்தான் இப்போது வெளிக்காற்று நுழைகிறது. வேப்ப மரத்தடியில் நிறுத்திய காரில் சருகும் காம்பும் பூவும் விழுவது அங்கேதான். மழைநீர் சேர்ந்து அவை ஊறுவதும் அங்கேதான். பானெட்டுக்குள் எண்ணெய் கசிந்து சூடான குழாயில் விழுந்தால் எழும் புகைக்கும், பெட்ரோல் கசிவுக்கும் அந்தச் சல்லடை கூப்பிடு தூரம். குளிரவைக்கும் காயிலும், இஞ்சினின் கூலண்ட் ஓடும் ஹீட்டர் காயிலும் ஒரே பெட்டிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்தன. ஒன்றின் கோளாறு இன்னொன்றின் வாடையாகத் தெரிய ஆரம்பித்தது. டிக்கியில் இருந்தபோது ஒரு மூடியைத் திறந்தால் காயில் தெரியும். டேஷ்போர்டுக்குள் போன பிறகு, அதைக் கண்ணால் பார்க்கவே முழு டேஷ்போர்டையும் கழற்ற வேண்டிய நிலை பல கார்களில் உருவானது.

கழற்றிப் பார்க்க முடியாததை மணம் போட்டு மறைப்பது எளிது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில், ஜெர்மனியிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த வேதியியலாளர் ஜூலியஸ் சேமன் 1952-ல் ஒரு மணப்பொருளை உருவாக்கினார். பால் வண்டி ஓட்டுநர் ஒருவர் வண்டியில் சிந்திய பாலின் நாற்றம் பற்றி அவரிடம் சொன்னதுதான் தூண்டுதல். ஊசியிலை மரங்களின் மணத்தைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்திருந்த சேமன், மரம்போல வெட்டிய அட்டையில் நறுமண எண்ணெயை ஊறவைத்து நூலில் தொங்கவிட்டார். கண்ணாடியிலிருந்து தொங்கும் அந்த அட்டை மரம் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் மல்லிகைச் சரமும், கற்பூரமும், எலுமிச்சையும் இருந்தன. இப்போது ஜெல் டப்பாக்களும் ஏசி வாயில் செருகும் சென்ட் குப்பிகளும் இருக்கின்றன. மணப்பொருளில் தவறில்லை. ஆனால் அது காயிலைச் சுத்தம் செய்வதில்லை. அதோடு கூலண்ட் கசிவு, பெட்ரோல் கசிவு ஆகியவற்றின் எச்சரிக்கை வாடையையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதுவரை பெரும்பாலான அமெரிக்கக் கார் ஏசிகளில் கம்ப்ரசர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, ஒரு வால்வு மட்டும் காயில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டது. எரிபொருளை மிச்சப்படுத்த 1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு முறைக்கு மாறியது: காயில் போதுமான அளவு குளிர்ந்ததும் கிளட்ச் விடுபட்டுக் கம்ப்ரசர் நிற்கும், சூடேறியதும் மறுபடி ஓடும். சிக்கனம் கிடைத்தது. அதோடு, ஓட்டத்தின் நடுவிலேயே காயில் நனைவதும் காய்வதுமாக மாறிமாறி இருந்தது. நனைந்திருக்கும்போது நீரில் கரைந்து கிடக்கும் நாற்ற ஆவிகள், காயில் சூடேறி நீர் ஆவியாகும்போது சேர்ந்து கிளம்புகின்றன. வாடை விட்டுவிட்டு வருவதற்கான காரணம் இது. சிக்னலில் தானாக இஞ்சின் அணையும் இன்றைய கார்களிலும் இதே கதைதான். கார் நின்று அரை நிமிடத்தில் புளிச்ச வாடை எட்டிப் பார்க்கும், இஞ்சின் ஓடியதும் அடங்கிவிடும்.

வாடை வெறும் அருவருப்பா, நோய்க்கும் வழியா என்ற கேள்வியை மருத்துவர்கள் எழுப்பியதும் அதே காலத்தில்தான். 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்லவ்யூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 30-க்கும் மேற்பட்டோர் நிமோனியா போன்ற நோயால் இறந்தார்கள். அடுத்த ஆண்டு கண்டறியப்பட்ட லீஜனெல்லா பாக்டீரியா, ஏசி என்றாலே மக்கள் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்துவிட்டது. அந்த பாக்டீரியா பெருகும், பெரிய கட்டடங்களின் குளிர்கோபுரங்கள் போன்ற அமைப்பு கார் ஏசியில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல. கார் ஏசியின் ஆபத்து வேறு. அதில் சேர்ந்த மாசினால் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்பட்டது பற்றி 1981-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு குறிப்பு வெளியானது. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய விஷயம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கைச் சுளிப்பதோடு போய்விடும்.

வாடைக்குக் காரணமான உயிர்களுக்குப் பெயர் தெரிந்தது 1990களில். அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர்கள், கார்களிலிருந்து கழற்றிய காயில்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அலுமினியத் தகடுகளின் மேல் பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் வகைப் பூஞ்சைகளும், மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவும் சேர்ந்து குடியிருந்தன. காற்று கசியாமலிருக்கப் பெட்டிக்குள் ஒட்டப்படும் நுரைப் பட்டைகளும் அவற்றுக்கு இடம் கொடுத்தன. மெத்திலோபாக்டீரியம் மிகக் குறைந்த உணவிலும் பிழைத்துக்கொள்ளும். மெத்தில் ஆல்கஹால் போன்ற எளிய கரிமப் பொருளே அதற்குப் போதும். காயிலை ஒருமுறை கழுவினால் சில மாதங்களில் வாடை திரும்புவதன் மர்மம் இதோடு தீர்ந்தது. உணவை முழுதாக ஒழிக்க முடியாத இடத்தில், கைவைக்கக்கூடியது ஈரம் ஒன்றே.

காயிலின் வடிவமோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. கார்கள் சிறுத்தன; டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் முதலானவை இடம் கேட்டன. ஓசோனைக் காக்க எழுந்த 1987-ன் மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப் பிறகு ஆர்-12 விலக்கப்பட்டு, 1990களின் முற்பகுதியில் ஆர்-134ஏ வாயு வந்தபோது ஏசிகள் புதிதாக வடிவமைக்கப்பட்டன. செம்புக் குழாய்க்குப் பதில் முழு அலுமினியக் காயில் ஏற்கெனவே வந்துவிட்டது. சிறிய இடத்தில் அதிகப் பரப்பு வேண்டுமென்று தகடுகளை நெருக்கினார்கள். இடைவெளி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. அவ்வளவு குறுகிய சந்தில் விழும் நீர்த்துளி இரண்டு தகடுகளையும் பிடித்துக்கொண்டு தொங்கும், வடியாது. நீரைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய படலமாகப் பரப்பி வடியவைக்கும் பூச்சுகளை ஜப்பானிய உற்பத்தியாளர்கள் முன்னெடுத்தார்கள். சிலிக்கேட் கலந்த பூச்சு சிலவற்றில் வேறொரு வில்லங்கம் முளைத்தது: நனைந்ததும் பூச்சே சிமெண்ட் வாடை அடித்தது. பூஞ்சையைத் துரத்தப்போய்ப் புதுக் கட்டட வாடையை வாங்கிய கதை. அதைத் தீர்க்கத் தனியாக ஒரு காப்புரிமைக் குவியலே உண்டு.

1980களின் இறுதியில் ஜெர்மன் கார்களில் கேபின் ஃபில்டர் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கியது. மகரந்தமும் தூசியும் காயிலுக்குப் போவதற்கு முன்பே அதில் நின்றுவிடும். பிறகு கரித்தூள் சேர்த்த ஃபில்டர் வந்தது. டீசல் புகையின் நெடியைக்கூட அது ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் வருடக்கணக்கில் மாற்றாத ஃபில்டர் தானே ஈரம் கோத்து நாறும்.

காயவைக்கும் யோசனை கருவியாக வந்ததும் 1990களில்தான். ஏசி வாடை பற்றிய புகார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளில், காயிலைக் கழுவிப் பூச்சு பூசுவதோடு ஒரு சிறு மின்னணுப் பெட்டியைப் பொருத்தச் சொன்னது. ஏசி ஓடிய பயணம் முடிந்து, காரைப் பூட்டிப் போன பிறகு, ஒட்டியிருக்கும் நீர் வடிய நேரம் விட்டு, ப்ளோயரை அது தானாக இயக்கிக் காயிலை உலர்த்தும். பேட்டரி தீராமல் அளவோடு ஓடி நின்றுவிடும். எளிய வைத்தியம், சரியான வைத்தியம். ஆனால் புகார் சொன்னவருக்கு மட்டுமே கிடைத்தது. எல்லாக் கார்களிலும் வைக்க நிறுவனங்களுக்கு மனம் வரவில்லை.

இந்தியாவில் ஏசி காரின் கதை தாமதமாகத் தொடங்கியது. அம்பாசடரிலும் பத்மினியிலும் ஏசி வேண்டுமென்றால் வெளியே கொடுத்துத்தான் பொருத்த வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தனிப் பெட்டி தொங்கும். உள்காற்றையே அது சுற்றிவிடும். தரையில் துளை போட்டு விடப்பட்ட டிரெயின் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன்சீட்டுக்காரரின் காலில் சொட்டும். கால்மிதி ஊறி நாறும். பேக்கார்டு 1940-ல் பட்ட பாட்டை இந்தக் கார்கள் 1980களில் பட்டன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டென்சோ, சுசுகி நிறுவனங்களின் கூட்டோடு 1985-ல் தொடங்கிய சுப்ரோஸ், கார் ஏசியை இங்கேயே செய்தது. 1998-ல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹுண்டாய் சான்ட்ரோவும், அதற்கடுத்த ஆண்டு மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகானும் வந்தபோது ஏசி நடுத்தர வர்க்கத்தின் சாதாரணத் தேவையாகிவிட்டிருந்தது. ஃபில்டர் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. சிறிய கார்கள் பலவற்றில் அதற்கான இடம் இருந்தும் ஃபில்டர் இல்லாமலே விற்றார்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் உதிரிபாகக் கடைகளில் அதைத் தனியாக வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள்தான் அதிகம்.

ஃபில்டர் இல்லாமல் ஏழெட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரின் காயிலைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு பெரிய புத்தக அளவுதான் இருக்கும். காற்று வெளியேறும் பக்கம் அலுமினியம் இன்னும் மின்னும். ப்ளோயரிலிருந்து காற்று வந்து மோதும் பக்கத்திலோ சாம்பல் நிறக் கம்பளம் விரித்ததுபோல ஒரு படிவு. தலைமுடி, நூல், கொசுச் சிறகு, வேப்பங்காம்பு எல்லாம் அதில் பின்னிக் கிடக்கும். கீழ் ஓரத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில், அது கறுத்துப் பிசுபிசுக்கும். குளிர் குறைந்துவிட்டது, கேஸ் போடுங்கள் என்று வந்த கார்களில் சில, உண்மையில் இந்தக் கம்பளத்தால் மூச்சடைத்த கார்கள்.

வாடையை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் முறை இந்த அனுபவங்களிலிருந்து திரண்டதுதான். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்பது, எப்போது அடிக்கிறது என்பதை. ஏசியைப் போட்ட முதல் நொடிகளிலும் கம்ப்ரசர் நிற்கும்போதும் அடித்தால் காயில்தான் குற்றவாளி: மண்வாடை, மக்கல் வாடை என்றால் பூஞ்சை, ஊறிய சாக்ஸ்போலப் புளித்தால் பாக்டீரியா. வெளிக்காற்றுக்குத் திருப்பினால் மட்டும் அடித்தால், தேட வேண்டியது முன்கண்ணாடிச் சல்லடையிலும் பானெட்டின் உள்ளேயும்; எண்ணெய் கருகும் வாடையும் பெட்ரோல் வாடையும் இந்த வகை. ஏசி நன்றாகக் குளிர்ந்தும் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை, இடது பக்கக் கால்மிதி ஈரம் என்றால் டிரெயின் குழாய் அடைப்பு; அப்போது நாறுவது காயில் அல்ல, தரை விரிப்பு.

தித்திப்பான வாடை வேறு கதை. கூடவே முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுக்கு படிந்து, கூலண்டின் அளவும் குறைந்தால் ஹீட்டர் காயில் கசிகிறது. தமிழ்நாட்டில் ஹீட்டரை அதிகம் யாரும் போடுவதில்லை என்பதால் இந்தக் கசிவு ஏசியின் தலையில் விழுந்து, தேவையில்லாத ஏசி கிளீனிங்கில் பணம் கரைவதுண்டு. இஞ்சின் சூடேறிக் கெடுவதற்கு முன்பே கவனிக்க வேண்டிய வாடை இது. அழுகிய முட்டை வாடைக்கு ஏசியோடு சம்பந்தமே இல்லை. சைலன்சரின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பேட்டரியோ காரணமாக இருக்கும். மூத்திர நெடியும் பிண நாற்றமும் எலியின் வேலை. நாள்கணக்கில் நிறுத்திவைத்த காரின் ப்ளோயர் பெட்டியில் தென்னை நாரும் சாப்பாட்டு மிச்சமும் கிடப்பதை எந்த ஏசி மெக்கானிக்கும் பார்த்திருப்பார்.

மக்கல் வாடைக்கான வைத்தியத்தில் வரிசை முக்கியம். டிரெயின் குழாயின் அடைப்பை எடுப்பதும், ஃபில்டரை மாற்றுவதும், சல்லடையில் சேர்ந்த சருகை அள்ளுவதும் முதலில். அதற்கும் அடங்காவிட்டால் காயிலுக்கான நுரை மருந்தை டிரெயின் துளை வழியாகவோ ப்ளோயர் பக்கமிருந்தோ செலுத்தி ஊறவிட்டு வடியவைப்பது. படிவு தடித்துப்போன காயிலுக்கு நுரை போதாது, கழற்றித்தான் கழுவ வேண்டும். காருக்குள் புகைபோல அடித்துக் கதவைச் சாத்தும் டப்பா மருந்துகள், உள்ளறை வாடையைக் குறைக்கும்; காயிலின் நடுவிலுள்ள படலத்தை அவை அசைப்பதில்லை. ஓசோன் கருவியில் எச்சரிக்கை வேண்டும். அது நுரையீரலையும் ரப்பரையும் அரிக்கும். ஆள் உள்ளே இருக்கையில் ஓட்டவே கூடாது, ஓட்டிய பின் கதவுகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பில்லில் ஏறும் ஏசி கிருமிநீக்கம், வாடையே இல்லாத காருக்குத் தேவையில்லை.

ஆய்வுக்கூடங்கள் இப்போது தலைகீழான ஒரு வழியையும் சோதித்திருக்கின்றன. காயிலை எப்படியும் ஏதோ ஒரு நுண்ணுயிர் பிடித்துக்கொள்ளத்தான் போகிறது. அப்படியானால் வாடை எழுப்பாத பாக்டீரியாக்களை முன்கூட்டியே பூசிவைத்து நாற்ற இனங்களுக்கு இடமில்லாமல் செய்தால் என்ன என்று ஹுண்டாய் ஆய்வாளர்கள் யோசித்து, காப்புரிமையும் பெற்றிருக்கிறார்கள். அதோடு, கார் நின்ற பின் ப்ளோயரைத் தானாக ஓட்டிக் காயிலை உலர்த்தும் வசதியை அந்நிறுவனமும் கியாவும் தம் புதிய மாடல்கள் சிலவற்றில் தந்திருக்கின்றன. அது பெரும்பாலும் திரையின் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தெரிவு. கையேட்டைப் பார்த்து இயக்கிவைத்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத காரில் அதே வேலையைக் கையால் செய்யலாம்: வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, வெளிக்காற்றுக்குத் திருப்பி, ப்ளோயரை வேகமாக ஓடவிட்டால் போதும்.